அப்பாவின் வேட்டியில் ஆறு வண்ணம்

“ஒனக்குப் பொய் சொல்ல வராதுடி. பி.எஸ்சி.யில முதல் வகுப்பு வாங்கியிருக்கலாம், பொய்யில பாஸ் மார்க்கே வாங்கமாட்ட” என்று ஜெனிட்டா சொன்னபோது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு வராத பாடமும் ஒன்று உண்டா?

ஜெனிட்டா ராயப்பன்பட்டிக்காரி. தேனியில் நானும் அவளும் மூன்று வருடமாக ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்க்கும் என் அப்பா அம்மாவுக்கு அவள் என் ரூம்மேட். உண்மையில் என் காதலி. இது தெரிந்தால் வீட்டுப் படி ஏறவிட மாட்டார்கள் என்ற பயத்தில்தான் அத்தனை பொய்யும்.

போன வருடச் சித்திரையில் தேனியில் ஒரு வானவில் ஊர்வலம் நடத்த முடிவு செய்தோம். பெண்ணை நேசிக்கும் பெண்கள், ஆணை நேசிக்கும் ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோரும் ஒருநாளாவது ஒளியாமல் நடுரோட்டில் நடப்பது. அப்பா போனில் விசாரித்தபோது, “டெங்கு ஒழிப்பு ஊர்வலம்” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “நான்தேன் முன்னால நடக்கேன்” என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். (என் வாய் தனியாகப் பட்டம் வாங்கியது.)

நான் பள்ளியில் பரிசு வாங்கிய எந்த நாளிலும் அப்பாவால் வர முடிந்ததில்லை. ஒரு வருடம் திராட்சைக் கொடி வெட்டு, மறு வருடம் மருந்தடிப்பு. இந்த முறையாவது மகளைப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் கிளம்பிவிடுவார் என்பது என் முதல் வகுப்பு மூளைக்கு எட்டவில்லை.

முப்பது பேர் நடந்தோம். காவலுக்கு நான்கு போலீஸ். பேனரின் ஒரு முனை என் கையில், மறுமுனை ஜெனிட்டா கையில். பேனர் என்றால் அப்பாவின் பழைய வேட்டி. பொங்கலுக்குப் போனபோது ‘ஜன்னல் திரைக்கு’ என்று அம்மாவிடம் சொல்லி எடுத்து வந்தது. அதில் போஸ்டர் கலரால் ஆறு பட்டை தீட்டி, மேலே அழியாத மார்க்கரில் எழுதியிருந்தேன்.

டீக்கடைத் திருப்பத்தில் ஒரு மொபெட் நின்றது. பக்கத்தில் அப்பா. அவருக்கு முன்னால், இடுப்பில் குடத்தோடு அம்மா.

வீரபாண்டித் திருவிழாவில் தீச்சட்டி எடுத்து வருபவர்களுக்கு வழியெல்லாம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வெயிலில் எந்த ஊர்வலம் வந்தாலும் ஊற்றியே தீரவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். டீக்கடையில் தண்ணீர் வாங்கி, ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சளையும் வேப்பிலையையும் போட்டுத் தயாராக நின்றாள்.

“கொசுவ வெரட்டப் போற புள்ளைக, பாவம், வெந்துல்ல வர்றாக!”

நான் “அம்மா வேணாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் தலையோடு ஊற்றினாள். அடுத்து ஜெனிட்டாவுக்கு. அடுத்து வேட்டிக்கு. (மிச்சம் ஏட்டையாவின் பூட்ஸுக்கு.) சிவப்பு பச்சையில் இறங்க, பச்சை ஊதாவில் இறங்க, ஒரு வாரம் கண்விழித்துத் தீட்டிய வானவில் சாணி மெழுகிய தரைபோல ஆனது. மார்க்கர் எழுத்து மட்டும் பளிச்சென்று நின்றது.

அப்பா கிட்டே வந்து கரையைத் தடவிப் பார்த்தார். “ஏத்தா, இது என் வேட்டில்ல?”

தலையாட்டினேன்.

“என்ன எழுதியிருக்க? வாசி.”

அவருக்கு வாசிக்கத் தெரியாது. டெங்கு என்று ஒரு வார்த்தை போதும், தப்பித்துவிடலாம். ஆனால் ஏழு வயதிலிருந்து பஸ் போர்டு, ரேஷன் கார்டு, பூச்சிமருந்து பாட்டில் எல்லாம் அவருக்கு வாசித்துச் சொன்னவள் நான். மருந்தின் அளவை மாற்றி வாசித்தால் தோட்டமே கருகிப்போகும். அவருக்கு ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றி வாசித்ததில்லை. அன்றும் வாய் வரவில்லை.

“பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழலாம். நாங்கள் வாழ்கிறோம்.”

“நாங்கன்னா ஆரு?”

மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, வகுப்பில் பேர் கூப்பிட்டதுபோல ஜெனிட்டா கையைத் தூக்கினாள்.

அம்மாவின் குடம் நழுவி ரோட்டில் உருண்டது. “நம்ம வீட்டுக்கு வந்து எட்டுத் தோச தின்னுட்டுப் போனாளே, அவளா?”

“ஆறுதேன் அத்த” என்றாள் ஜெனிட்டா. (அதுவரை ‘அம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். உறவை மாற்ற அவளுக்குக் கிடைத்த நேரம்!)

அப்பா எங்கள் கையிலிருந்து வேட்டியை உருவினார், பிழிந்தார், மடித்தார், வண்டியை எடுத்தார். அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மிச்ச தூரத்தை வெறுங்கையோடு நடந்தேன். முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

பதினோரு நாள் போன் இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அப்பா கூப்பிட்டார்.

“புது மருந்து வாங்கியிருக்கேன். கடைப் பையன்கிட்ட பாட்டில் படம் அனுப்பச் சொல்லியிருக்கேன். வாசி.”

“கடைக்காரர் அளவு சொல்லலையாப்பா?”

“சொன்னாரு. நீயின்னா மாத்திச் சொல்லமாட்ட.”

வாசித்தேன். மருந்தளவு முடிந்ததும் அப்பா, “அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வரலையே? ஒங்கம்மா கேக்கச் சொன்னா. கொடத்தோட ஊத்திப்புட்டால்ல” என்றார்.

இப்போது அம்மா ஜவுளிக் கடையில் எதை எடுத்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “தண்ணி ஊத்துனா சாயம் நிக்குமா? எம் மக ஊர்வலம் போறவ.” ஜெனிட்டா வந்தால் தோசைக்கல்லைப் போடுவதற்கு முன்பே, “ஆறோட நிறுத்திக்கிருவாகளா?” என்று சத்தமாக விசாரிக்கிறாள்.

இந்த வருட ஊர்வலத்துக்கு எனாமல் பெயிண்ட் வாங்கியாயிற்று. நேற்று போலீஸில் அனுமதி மனுவும் கொடுத்துவிட்டேன். போன தடவை ‘விழிப்புணர்வு’ என்று பூசி மெழுகிய இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி, முகவரிக்குச் சுருளிப்பட்டி வீட்டைப் போட்டேன். கொடுப்பதற்கு முன்னால் அப்பாவுக்குப் போன் போட்டு, மனு முழுவதையும் ஓர் எழுத்து மாற்றாமல் வாசித்துக் காட்டினேன்.