கல்லுறிஞ்சியாரின் மௌன விரதம்

பழைய டயர் கடை வாசலில் பொழுது விடிவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடும். கத்தி இல்லை, ஊசி இல்லை, வாயால் உறிஞ்சியே கிட்னிக் கல்லை எடுக்கிறாராம்! ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் கல்லுறிஞ்சியார். இடுப்பில் பித்தளைக் குழாயை வைப்பார், கன்னம் குழிய உறிஞ்சுவார், தட்டில் ‘டக்’கென்று துப்புவார். தோல் கிழியாது. பெண்களுக்கு உடுத்திய துணிக்கு மேலேயே வைத்து உறிஞ்சுவார். துணியும் கிழியாது. கல்லுக்குத்தான் எத்தனை நாகரிகம்!

வைத்தியம் முடியும்வரை அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். மௌன விரதமாம். வந்தவர்களோடு பேசுவதெல்லாம் அவருடைய மாமனார்தான்.

வெல்டர் ஒருவர் இங்கே இரண்டு முறை வந்து ஐந்து கல் ‘எடுத்துக்கொண்டு’ போயிருந்தார். நாளெல்லாம் தீப்பொறிக்கு முன்னால் நின்று, தண்ணீர் குடிக்கவே மறந்துவிடுகிற ஆசாமி. முதுகில் வலது பக்கம், விலாவுக்குக் கீழே வலி பிடிக்கும். அங்கிருந்து சுற்றிக்கொண்டு அடிவயிற்றுக்கு இறங்கும். படுத்தாலும் வலி, நின்றாலும் வலி. கூடவே வாந்தி. சிறுநீர் சிவந்து போகும். பிறகு தானாகவே அடங்கும். கிட்னிக் கல் வலியின் குணமே அதுதான். வலி வந்தால் தலையெழுத்து, அடங்கினால் கல்லுறிஞ்சியார் மகிமை!

ஒரு நாள் காலையில் வெல்டருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. தையல் கம்பெனியில் காலர் தைக்கிற அவர் மனைவி வேலைக்குக் கிளம்பாமல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னங்க, இந்த வலியோட காய்ச்சலும் வந்துட்டா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உள்ள அடைச்சுச் சீழ் பிடிச்சா உசுருக்கே ஆபத்து. கெளம்புங்க ஆஸ்பத்திரிக்கு.”

“மூணாவது தடவ உறிஞ்சினா வேரோட போயிடும்னு சொல்லியிருக்காங்க. அஞ்சு கல்லையும் கண்ணால பாத்தேன்டி!”

“நீங்க பாத்தது தட்டை. கிட்னியையா பாத்தீங்க?”

சொன்னால் கேட்கிற மனுஷனா அவர்? அவள் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் வண்டியோடு வந்து சேர்ந்தான்.

“சரி, அங்கயே போவோம். ஆனா மொதல்ல எனக்குப் பாக்கட்டும்” என்றாள். வெல்டருக்கு வாதாடத் தெம்பில்லை.

டயர் கடையில் டோக்கன் தீர்ந்திருந்தும், வெல்டரின் நடுக்கத்தைப் பார்த்து வரிசை வழிவிட்டது. அவள் இடது இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “இந்தப் பக்கம் சுருக்கு சுருக்குன்னு குத்துதுங்க.”

கல்லுறிஞ்சியார் குழாயை வைத்தார். கண்ணை மூடினார். உறிஞ்சினார். டக். டக். டக். மாமனார் தட்டைத் தூக்கிக் காட்டினார். “நல்லாப் பாத்துக்குங்க, மூணு கல்லு! எடது கிட்னி சுத்தமாயிடுச்சு!”

கூட்டம் ஆகா என்றது. வெல்டர் மட்டும் வாய் பிளந்து மனைவியைப் பார்த்தார்.

“ரொம்ப சுத்தந்தாங்க” என்றாள் அவள். “அங்க கிட்னியே கெடையாது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எங்க அண்ணனுக்குக் குடுத்துட்டேன்.”

அண்ணன் சட்டையைத் தூக்கி அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினான். “அந்தக் கிட்னி இங்க இருக்கு. நீங்க எங்கிட்டல்ல உறிஞ்சியிருக்கணும்?”

வரிசை கொல்லென்று சிரித்தது. கல்லுறிஞ்சியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. விரதம் மறந்துபோயிற்று. “கிட்னி போனாலும் அதோட வேரு...” என்று வாயைத் திறந்தார். நாக்குக்கு அடியிலிருந்து நாலு கல் உருண்டு அவர் மடியிலேயே விழுந்தது. அடுத்த டோக்கன்காரர்களுக்கு உரியவை, பாவம்!

வெல்டர் எழுந்து நின்றார். “வண்டிய எடுங்க மச்சான்” என்றார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஐந்து கல் எடுத்த அதே வலது பக்கத்தில், சிறுநீர் இறங்கும் குழாயை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. “நாளைக்கு வந்திருந்தா இவ்வளவு நிதானமாப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்” என்றார் டாக்டர். அன்றைக்கே அடைப்பை நீக்கினார்கள். வெல்டர் பிழைத்தார். மனைவி வராந்தாவில் உட்கார்ந்து நன்றாக அழுதாள்.

அந்தப் பக்கமாக வந்தவர் ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். டயர் கடையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்.

“நல்லவேளைம்மா, அந்தப் பித்தலாட்டக்காரன மாட்டிவிட்டே. அது கெடக்கட்டும், பக்கத்து ஊர்ல ஒருத்தர் பித்தப்பைக் கல்லை ஊதியே கரைக்கிறாராமே, கேள்விப்பட்டியா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அய்யா, கிட்னியத் தானம் குடுத்தா ஒரு உசுராவது பொழைக்கும். மூளையையும் ஏன் தானம் குடுக்குறீங்க? அத நீங்களே வச்சுக்கிட்டு, அப்பப்ப எடுத்து உபயோகிங்க!”