சட்டலைட் அண்ணையின் மீன் பட்டியல்

தரையில் வழி தவறுவதற்கென்று ஒரு போட்டி வைத்திருந்தால், முதற்பரிசை மன்னாருக்கு வாங்கித் தந்திருப்பார் சட்டலைட் அண்ணை. தீவுக்கு வரும் தாம்போதியில் இருப்பது ஒரே பாதை. இரண்டு பக்கமும் தண்ணீர். அதிலும் தன் வான் வண்டியை நிறுத்தி, எதிரே வந்த சைக்கிள்காரரிடம் வழி கேட்ட மனிதர் அவர்.

போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பத் தொடங்கிய காலம். நான் மீள்குடியேற்ற உதவிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்தேன். அவர் எங்கள் வாடகை வானின் சாரதி. அதற்கு முன் கீரிக் கரையில் படகோட்டி. கடலில் கண்ணை மூடிக்கொண்டு போய்வருவாராம். போரில் படகு போய், பிழைப்புக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்குப் பற்றை மூடிய ஊர்களெல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. சிலாவத்துறைக்குப் போகவேண்டிய கூரைத் தகரங்களை மூன்றாம் முறையும் எருக்கலம்பிட்டியில் இறக்கியபோது, இனியும் வழி தவறினால் வேறு ஆள் பார்ப்போம் என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் படகுக்கால ஜீ.பி.எஸ் மெஷினோடு வந்தார். கைக்குள் அடங்குகிற சாமான். ரப்பர் செருப்பொன்றை வெட்டி, அதில் மெஷினை வலை நூலால் கட்டி, முன்கண்ணாடிக்குக் கிட்ட ஒட்டினார். சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தார்.

"அது வானத்தப் பாக்கோணும் சேர். உள்ளுக்க வச்சா சட்டலைட் பிடிக்காது," என்றார். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அந்த மெஷினில் ரோட்டுப் படம் கிடையாது. போகவேண்டிய இடத்தை நேராகக் காட்டும் ஓர் அம்பு, மிச்சத் தூரம், அவ்வளவுதான். மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்கு நேர்கோடு கடலுக்கு மேலால் போகிறது. அம்பை நம்பி முதல் நாளே வானைக் கடற்கரை மணலில் புதைத்தார். உழவு மெஷின் வந்துதான் இழுத்தது.

"நான் பிழை விடேல்லை சேர். ரோட்டுப் போட்டவன்தான் சுத்திப் போட்டிருக்கிறான்."

மீன் படும் இடத்தைக் கடலோடிகள் பிறருக்குச் சொல்வதில்லை. அந்தப் பழக்கமும் அவரோடு வானில் ஏறிவிட்டது. மெஷினில் குறித்த இடத்துக்கெல்லாம் மீன் பெயர் வைத்தார். சோதனைச்சாவடி பேத்தை. காணிக் கந்தோர் திருக்கை. நல்ல இடியப்பக் கடை அறுக்குளா.

"ஊர்ப் பேரையே போட்டால் என்ன அண்ணை?"

"களவெடுத்துப் போடுவாங்கள் சேர்."

சிலாவத்துறையை எவன் களவெடுப்பான் என்று நான் கேட்கவில்லை.

ஒரு குறிக்கு மட்டும் மீன் பெயர் இல்லை. அது 'கரை'. "எல்லாப் படகு மெஷினிலயும் இருக்கும் சேர். காத்தடிச்சு எல்லாம் குழம்பினா அத அமத்தோணும். வீட்ட கொண்டுபோய் விடும்."

அவருக்கு வீடென்று இருந்தது எங்கோ ஒரு வாடகை அறை. மனைவி போய்ச் சேர்ந்து கனகாலம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். சம்பலுக்கு உப்புக் காணாது என்று என் மனைவியிடம் தினமும் முறைப்பாடு. சாப்பாட்டுக் கோப்பையில் மிச்சம் மட்டும் இருக்காது.

ஒருநாள் காலையில், போரில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த ஒரு முஸ்லிம் அக்கா கந்தோருக்கு வந்தார். ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். சிலாவத்துறைக்கு அப்பால் அவருடைய காணி. பதினொரு மணிக்குக் காணி அதிகாரி வரும்போது சொந்தக் காணியில் நின்று எல்லை காட்டாவிட்டால் வீட்டுத்திட்டத்தில் பெயர் ஏறாது. இருபது வருடக் காட்டுக்குள் காணி எங்கே? ராத்தா சொல்லியனுப்பிய அடையாளங்களை வைத்து, போன மாதம் அரைநாள் பற்றைக்குள் திரிந்து கிணற்றைக் கண்டு குறித்துவைத்தவர் சட்டலைட் அண்ணை ஒருவர்தான். அவரோ காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஓடிப்போய், "ராத்தாட கிணறு என்ன மீன் அண்ணை?" என்று கேட்டேன்.

பக்கத்துக் கட்டிலைக் கடைக்கண்ணால் பார்த்தார். "அவன் பேசாலைக் கடலோடி சேர். காதக் கொண்டாங்கோ."

"கிணத்தக் கொண்டுபோய் அவர் என்ன செய்யப்போறார்?"

"உங்களுக்குத் தெரியாது சேர்." என் காதுக்குள் "விளைமீன்" என்றார். பிறகு கையைப் பிடித்து, "அம்பு கடலக் காட்டினாலும் ரோட்டிலயே போங்கோ. தூரம் குறையுதோ எண்டு மட்டும் பாருங்கோ," என்றார்.

வானை நானே ஓட்டினேன். பாதி வழிக்கும் அம்பு கடலையே காட்டியது.

"யா அல்லாஹ், கடலுக்குள்ளயா தம்பி எங்கட காணி?" என்றார் ராத்தா.

ஆனால் தூரம் குறைந்தது. பாதை முடிந்த இடத்தில் மெஷினைச் செருப்போடு கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். உடைமுள்ளுக்குள் கிணற்றுக்கட்டு தெரிந்தது. ராத்தா அதில் கை வைத்து, "எங்கட வாப்பா கட்டினது," என்றார். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

பின்னேரம் வானைச் சட்டலைட் அண்ணையின் அறையடியில் விட நினைத்தேன். தினமும் எங்கள் வீட்டில் சாப்பிட்ட மனிதரின் அறை எந்த ஒழுங்கையில் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே மெஷினில் 'கரை'யை அமத்தினேன். தாம்போதி கடந்து, பஜார் கடந்து, அம்பு காட்டிய பக்கம் திரும்பினேன். தூரம் பூச்சியமானபோது வான் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் நின்றது.

சத்தம் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணை சுகமாகி வந்திட்டாரோ?"

"இல்லை. அவருக்குச் சாப்பாடு கட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறன்," என்றேன். "சம்பலுக்கு உப்புக் கொஞ்சம் கூடப் போடு."