வருகிற வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிறவர்

மனிதரில் ஓர் இனம் உண்டு. வருகிற வெள்ளிக்கிழமை மலைக்குப் போகிற இனம். போன வெள்ளிக்கிழமை போய்விட்டு வந்த இனமும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போனார்கள், நனைந்தார்கள், வந்தார்கள், சளி பிடித்துப் படுத்தார்கள், அவ்வளவுதான். நம் ஆள் அப்படிச் சட்டென்று தீர்ந்துபோகிறவர் அல்ல. போகாத காட்டுக்கு வழி சொல்வார். பார்க்காத யானைக்குக் குணம் சொல்வார். காலில் ஏறாத அட்டைக்கு மருந்து சொல்வார்.

ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி என்கிறீர்களா? கால்சட்டையில் ஒன்பது பை இருக்கும். ஒன்பதையும் துழாவினால் கடைச் சாவி ஒன்றுதான் அகப்படும். பேசும்போது அடிக்கடி மேற்கே பார்ப்பார். தூத்துக்குடியில் நின்றுகொண்டு மேற்கே பார்த்தால் என்ன தெரியும்? அடுத்த வீட்டு மாடித் தண்ணீர்த்தொட்டி தெரியும். அதைப் பார்த்தே கண்ணைச் சுருக்கி, “அங்கனல்லாம் வண்டிய ரெண்டாவது கியரத் தாண்ட விடப்பிடாது” என்பார். அங்கன என்றால் எங்கன என்று நீங்கள் கேட்கக்கூடாது. கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். சொல்லாமல் விட்டுவிட்டாள் என்று அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

முத்தையாபுரத்தில் கயிறு, தார்ப்பாய், பெயிண்டுக் கடை வைத்திருக்கும் ராஜபாண்டி இந்த இனத்தில் முதல் தரம். ஆறு வருடத்துக்கு முன்னால் பழைய ஜீப் ஒன்றை வாங்கி, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தினார். மேற்கு மலையில் ஏறுவது, காட்டுப் பாதையிலேயே நான்கு நாள் ஓட்டுவது, மூன்று ராத்திரி கூடாரத்தில் படுப்பது, அந்தப் பக்கமாக இறங்குவது. இதுதான் திட்டம். போகிறவர்கள் நான்கு பேர். ராஜபாண்டி, அவர் வீட்டுக்காரி செல்வலட்சுமி, துறைமுகத்தில் கப்பல்மேல் கண்டெய்னர்களைக் கட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருக்கும் ஜேசுபாதம், அவர் வீட்டுக்காரி விஜிலா. நான்கு பேருக்கும் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. அதன் பெயர் கானகக் காளைகள். இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிற குழுவுக்கு இது என்ன பெயர் என்று விஜிலா கேட்டாள். பெயரை மாற்றுவது பற்றி மூன்று கூட்டம் நடந்தது. பெயர் மாறவில்லை.

கூட்டம் என்றா சொன்னேன்? ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம்தான். ராஜபாண்டி மேப்பை விரிப்பார், நாலு மூலைக்கும் நாலு பெயிண்டு டப்பாவை வைப்பார், சிவப்புப் பேனாவால் போன வாரம் போட்ட கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு போடுவார். ஆறு வருடத்தில் அந்த மலைக்குப் பிரசவமான வயிறு மாதிரி உடம்பெல்லாம் கோடு. சாமான் பட்டியல் தனி நோட்டு. மண்ணில் புதைந்தால் இழுக்க இரும்புக் கம்பி, சேற்றில் சிக்கினால் டயருக்கு அடியில் போடப் பலகை, மரம் விழுந்து கிடந்தால் அறுக்க ரம்பம், கரடி வந்தால் தட்டி விரட்டத் தகரம். கரடிக்கு எத்தனை தகரம் என்பதில் ஜேசுபாதத்துக்கும் அவருக்கும் பத்து நாள் பேச்சுவார்த்தை கிடையாது. அட்டைப்பூச்சிக்கு உப்பு நல்லது என்று யாரோ சொல்லிவைக்க, உப்பளத்திலிருந்து அரை மூட்டை வந்து இறங்கியது. அதை வைத்து அந்த மலையிலுள்ள அட்டையையெல்லாம் ஊறுகாய் போட்டுவிடலாம்.

ஒத்திகையும் நடந்தது. மொட்டைமாடியில் கூடாரம் அடித்தார். ஆடிக் காற்று அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு முருங்கைமேல் போட்டது. கிளை முறிந்து விழுந்த காயில் இரண்டு வீட்டிலும் மூன்று நாள் சாம்பார். கூடாரத்தால் விளைந்த நன்மை இன்றுவரை அது ஒன்றுதான். ஜீப்பும் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டை மெக்கானிக்கிடம் போய், புதிதாக ஒரு விளக்கோ கம்பியோ மாட்டிக்கொண்டு வரும். வழியில் இருக்கிற ரயில்வே மேம்பாலம்தான் அது ஏறிய ஆக உயர்ந்த மலை.

இதையெல்லாம் நம்பிய ஒரே ஜீவன் செல்வலட்சுமி. சிரிக்காதீர்கள். அவள் வீட்டில் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, எட்டுக் கடைக்குக் கொடுக்கிறவள். மாவுக்காரிக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும். லாரித் தண்ணீரில் அரைத்த மாவு உம்மென்று உட்கார்ந்திருக்கும். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற அன்றைக்கு அரைத்த மாவோ சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும். அந்தத் தண்ணீர் பிறக்கிற மலையை ஒருதடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆறு வருடத்துக்கு முன்னால், அவர் முதல்முதலாக வெள்ளிக்கிழமை என்று சொன்ன வாரமே, பாசிப்பச்சை நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்தாள். தூத்துக்குடியில் ஸ்வெட்டர் வாங்குவது மீனுக்குக் குடை வாங்குவது மாதிரி. ஆனாலும் வருடம் தவறாமல் அதை எடுத்து வெயிலில் உதறி, பூச்சி அரிக்காமலிருக்கப் புதுப் பாச்சா உருண்டை போட்டு, மறுபடி அலமாரியில் வைப்பாள். பாச்சா உருண்டை கரைந்து கரைந்து ஆறு தீர்ந்துவிட்டது. ஸ்வெட்டர் மட்டும் அப்படியே இருந்தது.

பொறுமைக்கும் புளிப்பு ஏறும் அல்லவா? இந்த ஆனி மாதம் ஏறிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து பெரிய கிரைண்டர் ஒன்று வரவழைத்தாள். அதை வைக்க இடம் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கொட்டகை. அவள் சத்தம் போடவில்லை. சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது சொன்னாள்.

“கிரைண்டர் திங்கக்கிழம வருது. வெள்ளிக்கிழம காலைல அஞ்சு மணிக்கு ஜீப்பு மலைக்குக் கிளம்பிட்டுன்னா, கொட்டகை ஒங்களுக்கு. நான் அடுப்படிலயே ஒதுக்கிக்கிடுதேன். கிளம்பலன்னா ஜீப்பு தெருவுக்கு, கிரைண்டரு கொட்டகைக்கு.”

ராஜபாண்டி ரசத்தைப் பாதியில் விட்டு எழுந்தார். அன்றைக்கே ஓடினார். வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கினார். வெள்ளி முதல் திங்கள் வரை என்று தேதி போட்ட சீட்டு. ஆறு வருடத்தில் அது ஏழாவது சீட்டு. முந்தின ஆறும் கண்ணாடி போட்டுக் கடையில் தொங்குகின்றன. ஜேசுபாதம் லீவு போட்டார். புதன்கிழமை சாயங்காலம் வந்து, கப்பலில் கண்டெய்னரைக் கட்டுகிற கட்டாகச் சாமானை ஜீப்போடு சேர்த்துக் கட்டினார். அந்தக் கட்டைப் புயல் வந்தாலும் அவிழ்க்க முடியாது. கட்டி முடித்த பிறகுதான் வீட்டுச் சமையல் பாத்திரம் ஒன்றும் உள்ளே போய்விட்டது தெரிந்தது. போகட்டும் என்று விட்டார்கள். செல்வலட்சுமி எட்டுக் கடைக்கும் சொல்லி மாவை நிறுத்தினாள். ஸ்வெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாம் தயார்.

தண்ணீர் ஒன்றைத் தவிர.

தூத்துக்குடிக்காரன் எங்கே போனாலும் முதலில் கேட்பது என்ன? அங்கன தண்ணி கெடைக்குமா என்பதுதான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கும். ராஜபாண்டி ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர், நான்கு ஆள், நான்கு நாள், ரேடியேட்டருக்குத் தனி, கை கால் கழுவத் தனி என்று கூட்டி, இருபத்தைந்து லிட்டர் கேன் எட்டு வாங்கி வரிசையாக வைத்திருந்தார். அவசரத்துக்கென்று ஐந்து லிட்டர் கேன் ஒன்று தனியாக. வியாழக்கிழமை தண்ணீர் வருகிற முறை. சாயங்காலம் குழாயைத் திறந்தார். குழாய் ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம் அதுவும் விடவில்லை.

ராஜபாண்டியின் முகத்தில் கவலை தெரிந்ததா? நன்றாகப் பாருங்கள். கவலைக்கு அடியில், பரீட்சை அன்றைக்கு மழை பெய்து பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட பிள்ளையின் முகம் தெரியவில்லை? செல்வலட்சுமிக்குத் தெரிந்தது.

“தண்ணி இல்லாம மலை ஏறப்பிடாது லே,” என்றார் ஜேசுபாதத்திடம். “உசுரு முக்கியம். அடுத்த வெள்ளிக்கிழம பாத்துக்கிடுவோம்.”

லாரித் தண்ணீர் பிடிக்கலாமே என்று ஜேசுபாதம் மெல்லச் சொல்லிப் பார்த்தார். லாரித் தண்ணீர் உப்பு, வயிற்றுக்கும் ஆகாது, ரேடியேட்டருக்கும் ஆகாது என்று பதில் வந்தது. கடையில் விற்கிற கேன் தண்ணீர்? அது உயரம் ஏற ஏறக் கெட்டுப்போகுமாம். வீடியோவில் ஒருத்தன் சொன்னானாம்.

செல்வலட்சுமி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“நம்ம கொழாயில வாரதே அந்த மலைத் தண்ணிதான?” என்றாள். “அது பொறக்குத எடத்துக்குப் போறதுக்கு, அது நம்ம வீட்டுக்கு வந்து ஒங்களக் கூட்டிட்டுப் போகட்டும்னு காத்துக் கெடக்கியளா?”

“அது வேற தண்ணி, இது வேற தண்ணி. ஒனக்கு வெளங்காது.”

“மைனி சொல்லுததுலயும் ஒரு ஞாயம்…” என்று தொடங்கிய ஜேசுபாதம், ராஜபாண்டி பார்த்த பார்வையில் கட்டாத கயிறு ஒன்றைத் தேடிப் போய்விட்டார்.

செல்வலட்சுமி உள்ளே போய் விஜிலாவுக்குப் போன் போட்டாள். இரண்டே வரி. “ஏளா, ஒங்க சித்தி மலையடிவாரத்துல, விக்கிரமசிங்கபுரத்துலதான இருக்காவ? காலைல அஞ்சு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு.” கூட்டம் இல்லை, மேப் இல்லை, கோடு இல்லை. சாமான் பட்டியல்? மாற்றுச் சேலை ஒன்று, முறுக்கு ஒரு பொட்டலம், அவசரத்துக்கான அந்த ஐந்து லிட்டர் கேன், அப்புறம் ஸ்வெட்டர்.

வெள்ளிக்கிழமை காலை ராஜபாண்டி எழுந்தபோது காபி இல்லை. பத்து மணிக்குக் கானகக் காளைகள் குழுவில் ஒரு படம் வந்தது. பாபநாசம். மேலே பச்சைப் பசேலென்று மலை, மலைமேல் மேகம், கீழே பாறையில் விழுந்து ஓடுகிற ஆறு. சாரலில் நனைந்துகொண்டு பாசிப்பச்சை ஸ்வெட்டரில் செல்வலட்சுமி நின்றாள். நனைந்த ஸ்வெட்டர் முழங்கால்வரை தொங்கியது. கூடவே விஜிலாவின் குரல் பதிவு. “அக்கா ஒரு மணி நேரமா தண்ணியையே பாத்துட்டு நிக்கா. கூப்புட்டா திரும்ப மாட்டேங்கா. முறுக்கக் கொரங்கு கொண்டுபோயிட்டு, அதுகூடத் தெரியாது.”

ராஜபாண்டி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். மனசுக்குள் ஏதோ ஒன்று இறங்கியது. என்னவாக இருக்கும்? தானும் போயிருக்கலாம் என்றா? அரை நிமிடம் அப்படித்தான் இருந்தது. அவரும் மனுஷன்தானே. ஆனால் இனத்தின் குணம் விடுமா? பதில் எழுதினார். நிற்கிற இடம் தவறு, நான்கடி தள்ளி நின்றால் வெளிச்சம் நன்றாக விழும், அங்கனல்லாம் பாறை வழுக்கும், என் வரைபடத்தில் அது மூன்றாவது வளைவு என்று. அவள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

சித்தி வீட்டில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் வந்து இறங்கினார்கள். செல்வலட்சுமி கேனைக் கொண்டுவந்து, மேப் விரித்திருந்த மேசையில், சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் வைத்தாள்.

“தண்ணி வந்துட்டு,” என்றாள். “கிளம்புங்க.”

ராஜபாண்டியும் ஜேசுபாதமும் கேனைப் பார்த்தார்கள். கேன் அவர்களைப் பார்த்தது. பிறகு நடந்ததுதான் இந்த இனத்தின் முழு இலட்சணம். இரண்டு இரவு அங்கே தங்கி வந்தவளை உட்காரவைத்து, ஆறு வருடம் இங்கே உட்கார்ந்திருந்தவர் அந்த மலையை விளக்கினார். எந்தப் பாறையில் எந்தப் பக்கம் கால் வைக்க வேண்டும், குரங்குக்கு எப்படி முகம் கொடுக்கக்கூடாது, சாரல் எந்த மணிக்கு எப்படிப் பெய்யும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள்.

திங்கட்கிழமை கிரைண்டர் வந்தது. ஜீப்பை எடுக்க வேண்டும். ராஜபாண்டி சாவியைத் திருகினார், ஜீப்பும் குழாய் விட்ட அதே பெருமூச்சை விட்டது. மாதக்கணக்கில் விளக்கு மாட்டி மாட்டி பேட்டரி செத்துப்போயிருந்தது. கிரைண்டர் கொண்டுவந்த ஆட்கள் நான்கு பேர், ஜேசுபாதம், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், எல்லோருமாகச் சேர்ந்து தள்ளினார்கள். கரடித் தகரம் கடகடக்க, அரை மூட்டை உப்பு வழிநெடுக ஒழுக, ஜீப் தன் மலைப் பயணத்தைத் தொடங்கியது. பதினாறு அடி ஓடி, வேப்பமரத்தடியில் நின்றது.

அந்தக் கேன் தண்ணீரை என்ன செய்வது என்று அன்று சாயங்காலம் ஒரு கூட்டம் நடந்தது. காய்ச்சிக் குடிப்பதா, உப்பு அளவு பார்க்கக் கொடுப்பதா, அடுத்த பயணத்துக்குப் பத்திரப்படுத்துவதா என்று இரண்டு மணி நேரம் பேசி, மேசையைப் பார்த்தால் கேன் காலி. அது புதுக் கிரைண்டருக்குள் போய் மாவாகிவிட்டிருந்தது.

மறுநாள் காலை ராஜபாண்டி ஏழு இட்லி சாப்பிட்டார். பஞ்சு. எட்டாவதைப் பிட்டுக்கொண்டே மேற்கே பார்த்தார்.

“அங்கனல்லாம் தண்ணி இப்படித்தான் இருக்கும்,” என்றார். “வெள்ளிக்கிழம போறப்ப பாரு.”

செல்வலட்சுமி ஒன்பதாவது இட்லியை வைத்தாள். ஸ்வெட்டர் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

சிரித்துவிட்டீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நான் தண்ணீர்க் கணக்கைச் சொன்னபோது, எட்டுக் கேன் எதற்கு, ஆறு போதுமே என்று மனசுக்குள் ஓடியதா? முந்தின முறையே பிடித்து வைத்திருக்கலாமே, பேட்டரியை முந்தின வாரமே கழற்றிச் சார்ஜ் போட்டிருக்கலாமே, நானாக இருந்தால் வேறு பாதையில் ஏறியிருப்பேனே என்று தோன்றியதா? தோன்றவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மேற்கே பார்த்துக்கொண்டு சொல்கிறீர்கள். இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். அலமாரியைத் திறந்து யாராவது சத்தமில்லாமல் ஒரு ஸ்வெட்டரிலிருந்து பாச்சா உருண்டைகளை வெளியே எடுத்துப் போடுகிறார்களா?