உங்கள் மண்டைக்குள் இருப்பது உங்கள் மூக்கு

இல்லை பெரியப்பா, கட்டி இல்லை. அது உங்கள் மூக்கு.

இதைத்தான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஊரில் எல்லாரிடமும் கேட்டீர்கள். படம் எடுத்தவளிடம் கேட்கவில்லை.

மரியாதையை மறந்துவிட்டேன். ஆயர் ஈத்தாமில் வசிக்கும் பெரியப்பா புவனேஸ்வரன் அவர்களுக்கு, கெப்பாலா பத்தாஸிலிருந்து உங்கள் தம்பி பழனியப்பனின் மகள் ரூபினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் நினைப்பதைவிட நலம் என்று தெரிவிக்கவே இந்தக் கடிதம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். கைப்பேசியின் கதிர் கட்டியை வளர்க்கும் என்று யாரோ சொல்ல, உங்கள் கைப்பேசியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். மறுபடி படம் எடுக்க வரச்சொல்லி எங்கள் ஸ்கேன் நிலையத்து நோர்மா இரண்டு முறை அழைத்தாள். அரிசிக்குள் மணி அடித்திருக்கும். வீட்டுத் தொலைபேசியில் பெரியம்மாவைப் பிடித்தேன்.

“ரூபி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்தப் பேச்ச எடுக்காத. ரிப்போர்ட் கவர சாமி கால்ல வெச்சாச்சு. அவரு பாத்துப்பாரு.”

“யாரு பெரியம்மா, டாக்டரா?”

“முருகன்லா!”

அதனால்தான் தாள். நாளை வேலைக்குப் போகும் வழியில் உங்கள் கேட்டில் செருகிவிட்டுப் போவேன். உறையில் போடமாட்டேன். அந்த வீட்டில் உறை பிரிப்பதற்கு இல்லை. ‘முக்கியம்’ என்று எழுதியிருந்தால் குங்குமமும் கிடைக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பது நாளுக்கு முன்னால், ஒன்றரை மாதத் தலைசுற்றலுக்கும் படியில் இரண்டு முறை சரிந்ததற்கும் காரணம் தேடி, டாக்டர் சீட்டோடு வந்தீர்கள். குழாய்க்குள் படுக்கவைத்தேன். அசையாதீர்கள் என்றேன். மெஷின் தட்டத் தொடங்கியது. நீங்களும் தொடங்கினீர்கள்.

“பெரியப்பா, தலைய ஆட்டாதீங்க.”

“நான் எங்க ஆட்டுறேன்? மெஷினு ஆடுது.”

“பேசவும் கூடாது.”

“நீ மைக்க வாய்க்கு இவ்ளோ கிட்ட வெக்காதம்மா. எக்கோ அடிக்குது. தண்ணீர் பந்தல்ல முப்பது வருஷம் மைக் புடிச்சவன் சொல்றேன், கேட்டுக்க.”

முதல் படத்தில் உங்கள் மூளை நடுங்கியது. ஒரு மண்டைக்குப் பதில் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று, வெங்காயத் தோல் மாதிரி. வாயை மூடாத ஆளுக்கு ஒரே வழி வேகம். எங்கள் நிலையத்து வாசலில் பேனரே இருக்கிறது: ‘எட்டே நிமிடத்தில் மூளை’. வாடிக்கையாளருக்கு மூளை எத்தனை நிமிடத்தில் வரும் என்று அதில் போடவில்லை.

வேக ஸ்கேன் என்றால் என்ன தெரியுமா? மெதுவாக எடுக்கும்போது மெஷின் எல்லா வரியையும் படிக்கும். வேகமாக எடுக்கும்போது ஒரு வரி விட்டு ஒரு வரி படிக்கும். விட்டதைத் தானாகக் கணக்குப் போட்டு நிரப்பும். பாதிப் பாடம் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகிற புத்திசாலி. பெரும்பாலும் தேறிவிடும். ஒரே நிபந்தனை: படம் எடுக்கும் சட்டத்துக்குள், அதாவது ஃபிரேமுக்குள், தலை முழுவதும் இருக்க வேண்டும். சட்டத்துக்கு வெளியே ஏதாவது நின்றால் அதைத் தூக்கி எறிய மெஷினுக்குத் தெரியாது. உள்ளே மடித்துவிடும். உங்கள் மூக்கு வெளியே நின்றது. மெஷின் அதை எடுத்து மண்டையின் நடுவில் வைத்தது. அவ்வளவுதான். அதில் விதி இல்லை, கர்மா இல்லை, ஏழரைச் சனி இல்லை.

அறிக்கை வர மூன்று நாள் ஆகும் என்றேன். நம் குடும்பத்துக்கு மூன்று நாள் எதற்கு? சிடியை வாங்கிய கையோடு உங்கள் மகன் தனேஷ் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டார். அண்ணன் பத்து காவான் ஊரில் கார் விற்பவர். பழைய காரின் கதவைத் தட்டிப் பார்த்தே விபத்தைச் சொல்பவர். மூளை எம்மாத்திரம்?

“கன்ஃபர்ம்லா, டியூமர்தான். நடுவுல பாருங்க, மூக்கு மாதிரி பொடச்சிக்கிட்டு நிக்குது” என்று குரல் பதிவு போட்டார்.

மூக்கு மாதிரி என்று அவரே சொன்னார். இரண்டு ஓட்டை வேறு தெரிந்தது. நாற்பத்திரண்டு பேர் இருக்கும் குழுவில் ஒருவருக்குக்கூட, மூக்கு மாதிரி இருப்பது மூக்காக இருக்கலாம் என்று தோன்றவில்லை. ‘அது படப்பிழை’ என்று நான் எழுதினேன். கீழே பதினேழு கைகூப்பும் படங்கள் வந்து என் வரியை மேலே தள்ளின. ஒரு அத்தை மட்டும் பதில் போட்டார்: “பட்டன் அமுக்குற புள்ளைக்கு என்னா தெரியும், பாவம்.” நான்கு வருடம் படித்த படிப்பு. பட்டன்.

பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொன்னால்தான் உண்டு: நீங்கள் உப்பை விட்டீர்கள், பிறகு சீனியை விட்டீர்கள், பிறகு கைப்பேசியை விட்டீர்கள், பக்கத்து வீட்டு மாமரக் கிளை விஷயத்தில் அந்த வீட்டுக்காரரை மன்னித்தீர்கள், அவர் தன்மேல் என்ன தப்பு என்று புரியாமல் பெரியம்மாவிடம் வந்து கேட்க, பெரியம்மா அழ, அவரும் அழ, சிங்கப்பூரிலிருந்து ஷர்மினி அக்கா லீவு போட்டு வந்து இறங்க, அவரைக் கண்டதும் நீங்கள் பேச்சைக் குழறிப் பேச, அரை மணியில் டிவியில் பந்து கோலுக்குள் போகாததற்கு ஒரு எழுத்தும் குழறாமல் நடுவரைத் திட்ட, அதையும் கட்டி மூளையை அழுத்துவதால் வரும் கோபம் என்று அண்ணன் குழுவில் விளக்கினார்.

அறிக்கை மூன்றாம் நாளே வந்தது. கணினியில் நானும் பார்த்தேன். மூக்கின் பிம்பம் நடுவில் மடிந்து விழுந்திருக்கிறது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மறுபடி எடுக்கவும் என்று நான்கே வரி. அந்த நான்கு வரி ஆறு நாளாகச் சாமி அறையில் தீபாராதனை வாங்கிக்கொண்டிருக்கிறது. கெட்ட செய்தி என்று பயந்து பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள். நல்ல செய்தி வந்துவிடுமோ என்றும் பயம் இருக்கலாம். சாகப்போகிறவராக நன்றாகவே இருக்கிறீர்கள், பெரியப்பா. இத்தனை பேர் இதற்கு முன் உங்கள் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டதில்லை.

இனி சிரிக்க ஒன்றும் இல்லை. தலைசுற்றல் நிஜம். படியில் சரிந்தது நிஜம். படத்தில் மூக்கு உட்கார்ந்திருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இல்லாத கட்டிக்கு ஒன்பது நாள் விரதம் இருந்தாயிற்று. இருக்கிற ஏதோ ஒன்றை இன்னும் யாரும் பார்க்கவில்லை. இன்னொரு படம் வேண்டும். “கட்டின்னு தெரிஞ்சிருச்சே, இன்னொரு தடவ எதுக்கு?” என்கிறீர்களாம்.

இன்னொன்று. மெஷின், மெஷின் என்று மேலே எழுதியிருக்கிறேன். சட்டத்தைச் சுருக்கியது மெஷின் இல்லை. வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டினார். நீங்கள் மைக் பிடிப்பது எப்படி என்று மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சட்டம் சிறியதானால் ஒரு நிமிடம் குறையும். குறைத்தேன். மூக்கு வெளியே நிற்பது திரையில் தெரிந்தது. பரவாயில்லை என்று நினைத்தேன்.

பட்டன் அமுக்குகிற பிள்ளைதான்.

ஆகவே: இன்றே உறையைப் பிரியுங்கள். குழுவில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மாமரக்காரரைத் திரும்பவும் வெறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். பதினோரு வருடத்துக்கு முன் தைப்பூசப் பந்தலில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மைக்கைப் பிடுங்கினார் என்று அவரோடு பேசாமல் இருந்தீர்கள். இப்போது ஒரு மூக்கை நம்பி அவர் தினமும் மாலையில் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிக் கடல் தாண்டி உங்களைப் பார்க்க வருகிறார். ஏமாந்தவர் பட்டியலில் அவருக்கு முதல் இடம்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. முருகனுக்கு என் அனுதாபம். உங்கள் ஆசி வேண்டும். இந்தக் கடிதத்துக்குப் பிறகு கிடைக்குமா தெரியாது.

ரூபினி

பி.கு.: அப்பா இப்போதுதான் உங்கள் வீட்டிலிருந்து திரும்பினார். கையில் துண்டில் சுற்றிய ஒரு பொருள். பந்தல் மைக். அன்றே அப்பாவிடமிருந்து நீங்கள் திரும்பப் பறித்துப்போய், பதினோரு வருடமாக உங்கள் அலமாரியில் பூட்டிவைத்தது. “இனிமே நீயே வெச்சுக்கடா” என்று கொடுத்தீர்களாம். ஹாலின் நடுவில் நிற்கிறார். ஒயர் எதிலும் செருகவில்லை. ஸ்பீக்கரும் இல்லை. “ஹலோ, ஹலோ. அண்ணே, கேக்குதா?” என்கிறார். அம்மா, “லூசா நீங்க?” என்கிறார். அப்பா மறுபடியும், “அண்ணே, கேக்குதா?”

இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம், வியாழக்கிழமை பெரியப்பாவை அழைத்து வர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். அது பொய் இல்லை.

“நான் கூப்ட்டா வருவாருலா” என்றார். “இப்பல்லாம் நான் சொன்னா அண்ணன் கேக்குறாரு.”

அதனால் மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். உறையைப் பிரிக்க வேண்டாம். தம்பி சொல்வதைக் கேளுங்கள். வியாழன் காலை ஏழரை மணி, நாற்பது நிமிடம். மூக்கு, காது, எல்லாம் சட்டத்துக்குள் இருக்கும். சொல்ல வேண்டியதை அன்றைக்கு நானே சொல்கிறேன். நீங்கள் அசையக்கூடாது, பேசக்கூடாது. மைக் என்னிடம் இருக்கும்.

கடிதத்தை நான்காக மடித்தேன். உறையில் போட்டு ஒட்டினேன். மேலே ‘முக்கியம்’ என்று எழுதினேன்.