முதல் நாளே அச்சடித்த ரெண்டுக்கு ரெண்டு

லேக் மார்க்கெட், கொல்கத்தா

விளையாட்டுக் குழுச் செயலாளர் ஸ்ரீநாத் அவர்களுக்கு,

நீலாவதி ராஜாராமன் ஆசிகளுடன் எழுதுவது. உங்கள் வீட்டில் பத்மஜாவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் சௌக்கியத்தை விசாரிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அது சரியில்லை.

முதலில் ஒரு திருத்தம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ஃபுட்பால் எதற்கு என்று நான் கேட்டதாக மார்க்கெட் முழுக்கப் பேச்சு. நான் அப்படிக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்தியது ஃபுட்பாலா என்றுதான் கேட்டேன்.

என் மகள் ஜலஜாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவளுக்கு எதையும் மெதுவாக, ஒரு நேரத்தில் ஒன்றாகச் சொல்ல வேண்டும். சொன்னதை மறக்க மாட்டாள். இதை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தேன். அதைப் படித்தவர் யாரும் மைதானத்துக்கு வரவில்லை போலிருக்கிறது. பயிற்சியாளர் ஒருவர் வங்காளத்திலும் இன்னொருவர் இந்தியிலும் மூன்றாமவர் ஆங்கிலத்திலும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். மூன்று மொழியும் தெரிந்த எனக்கே எந்தப் பக்கம் ஓடுவதென்று புரியவில்லை. ஜலஜா பந்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அங்கே நடந்த ஒரே புத்தியுள்ள காரியம் அதுதான்.

அடுத்தது, எதிரணிக்குக் கோல்கீப்பராக நின்ற உங்கள் தொண்டர் அக்ஷய். ஜலஜா லேசாகத் தட்டிய பந்து உருண்டு வருகிறது. அந்த மகானுபாவன் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, மறுபக்கம் பாய்ந்து விழுந்து, படுத்தே கிடந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். ஜலஜா தட்டவில்லை. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"பிடிக்கத் தெரியலைன்னா பழகிக்கோ. நான் சும்மாதான் உதைச்சேன்."

கடைசி நிமிஷத்தில் ரெண்டுக்கு ரெண்டு. ஆட்டக்காரர்களின் கூட்டத்துக்குள்ளிருந்து ஜலஜாவின் பந்து வந்தது. ரோஷம் வந்த அக்ஷய் இந்த முறை நிஜமாகவே பாய்ந்தான். பந்து அவனைத் தாண்டிப் போனது. உடனே விசில். கோல் கிடையாதாம். ஸ்ரீநாத், நீ ஓடிவந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும்.

"மாமி, ரெண்டுக்கு ரெண்டுன்னு சர்டிஃபிகேட்ல நேத்திக்கே அடிச்சாச்சு. யாரும் தோக்கப்படாதுன்னு கமிட்டி தீர்மானம்."

"ஆடறதுக்கு முன்னாடியேவாடா?"

"அவா சந்தோஷமா இருக்கட்டுமேன்னுதான்."

"தோக்கவே விடமாட்டேன்னா, அவா எப்படிடா ஜெயிப்பா?"

எங்கள் கான்வென்டில் யாருக்கும் தர்ம மார்க் போட்டதில்லை. நான் கணக்கில் ஃபெயிலானேன். மதர் சுப்பீரியர் என்னை நிற்கவைத்து என் மார்க்கை எல்லோருக்கும் படித்துக்காட்டினார். செத்தா போய்விட்டேன்? அந்த மரியாதையாவது என் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டாமா?

ஆகவே மூன்றாவது கோலைச் சேர்த்து, மூன்றுக்கு ரெண்டு என்று சான்றிதழைத் திருத்தி அச்சிட வேண்டும். இனி ஒரு பயிற்சியாளர், ஒரு மொழி. விதிகளைக் கத்தாமல் படமாகக் காட்டுங்கள்.

உனக்கும் உன் கமிட்டிக்கும் பகவான் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நீலாவதி ராஜாராமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இதை ஜலஜாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூணாவது கோல் வேண்டாம்மா. பந்து என் கையில பட்டுது" என்றாள். அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். "யாரும் கேக்கலையே." அக்ஷய் படுத்துக்கொண்டு விட்ட முதல் கோலும் கணக்கில் வராதாம். எனவே மேலே கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். அவள் அணி ஒன்றுக்கு ரெண்டு என்று தோற்றிருக்கிறது. சான்றிதழில் அப்படியே அச்சிடவும். அதே அணியோடு மறு ஆட்டம் வேண்டும் என்கிறாள். உண்டா இல்லையா என்று எழுத்தில் பதில் அனுப்பவும்.