மோதிரம் தேடித் தரப்படும்

பாரிவாக்கத்தில் இனி யாருடைய மோதிரமும் தொலைந்த இடத்திலேயே கிடக்கக் கூடாது. இந்த முடிவை நான் எடுத்தது ஒரு சனிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வாய் கொப்பளிப்பதற்குள் ஆன்லைனில் மெட்டல் டிடெக்டர் ஆர்டர் போட்டுவிட்டேன்.

நீளமான கம்பி, அடியில் வட்டமாக ஒரு தட்டு, மேலே கைப்பிடி. தரையை ஒட்டி ஆட்டினால் உலோகம் இருக்கும் இடத்தில் 'பீப்' என்று கத்தும். பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி தாட்சாயிணி வந்து பார்த்தாள்.

"என்னங்க இது, ஒட்டடைக் குச்சியா?"

"சமூக சேவை."

"அதுக்கு எதுக்கு பேட்டரி?"

"ஊர்ல தொலைஞ்ச மோதிரத்தையெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கப்போறேன். இலவசமா."

"காலையில உங்க மூக்குக்கண்ணாடியை நான்தான் கண்டுபிடிச்சுக் குடுத்தேன். அதுவும் இலவசம்தான்."

வாசகர்களே, உங்களிடம் மறைப்பானேன்? சமூக சேவை என்பது சுத்தப் பொய். தொலைந்திருந்தது என் மோதிரம். கல்யாணத்தன்று மாமனார் தன் கையால் போட்டுவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நாங்கள் திருநின்றவூரில் வாடகைக்கு இருந்துகொண்டு இந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீரத்தைக் காட்டலாம் என்று ஆசிக் மேஸ்திரியின் கையிலிருந்து கரண்டியை வாங்கி நானே நாலு செங்கல் வைத்தேன். மேஸ்திரி 'அருமை சார்' என்று சொல்லிவிட்டு, நான் திரும்பியதும் நாலையும் பிடுங்கிப் போட்டார். மறுநாள் ஆபீஸ் வேலையாக பெங்களூர் ரயிலில் போகும்போது பார்க்கிறேன், விரல் மொட்டையாக இருக்கிறது. சிமென்ட் கலவையில் நழுவியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தேன். தாட்சாயிணி கதவைத் திறந்து, "என்னங்க, உங்க மோ..." என்று ஆரம்பித்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"மோதிரம்தானே? டைட்டாயிடுச்சு. பூந்தமல்லியில கார்த்திகேசன்னு ஒரு ஆசாரி. பெருசு பண்ணச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அப்படியா?" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஆசாரியை நான் பெற்று, வளர்த்து, படாத பாடு படுத்திவிட்டேன். மோதிரத்தைப் பற்றி அவள் கேட்கும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டும். முதலில் கண் ஆபரேஷன். பிறகு மகள் கல்யாணம். அப்புறம் அவருடைய மாமியார் இறந்துபோனார். அடுத்த பொங்கலுக்கு அவசரத்தில் அதே மாமியாரை மறுபடியும் சாகடித்துவிட்டேன். தாட்சாயிணி, "ஐயோ பாவம்" என்றாள். இவ்வளவு நம்புகிற பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வெட்கம் கொஞ்சம் குறையும்.

மாமனார் இன்னும் மோசம். செய்யாற்றிலிருந்து வரும்போதெல்லாம் கைகொடுக்கிற சாக்கில் என் விரலைத் தடவிப் பார்ப்பார். நான் ஆசாரி கதையைச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "ஆபரேஷன் எந்தக் கண்ணுல மாப்ளே?" என்று விசாரிப்பார். இப்போது என் மைத்துனன் லோகேஷுக்குப் பெண் வீட்டார் ஊரில் கல்யாணம். "இதுக்காவது மோதிரத்தோட வாங்க மாப்ளே" என்று போனில் சொல்லிவிட்டார். பத்து நாள்தான் இருந்தது. மோதிரம் கிடைக்காவிட்டால் மேடையில் அத்தனை பேர் முன்னால் என் மானம் போய்விடும்.

எடுத்த எடுப்பில் என் வீட்டையே தேடினால் தாட்சாயிணிக்குச் சந்தேகம் வரும். ஊரில் இரண்டு இடத்தில் தேடிப் பெயர் வாங்கிக்கொண்டு அப்புறம் வீட்டுக்கு வரலாம் என்பது என் திட்டம். பக்கத்து மனையில் மாடு வைத்திருக்கும் அஞ்சலை முதல் ஆளாக வந்தார்.

"சார், எம் மோதரம் மூணு நாளா காணும். வைக்கப் போருல உழுந்துச்சோ இன்னாவோ தெர்ல. உன் மிசின இட்டாந்து பாரேன்."

வைக்கோல் போரில் ஒரு ஆணியும் பாதி அரிவாளும் கிடைத்தன. எருக்குழியில் மிஷின் விடாமல் கத்தியது. முழங்கை வரை உள்ளே விட்டேன். வந்தது மோதிரமேதான்.

"கெட்டிக்காரன் சார் நீ!" என்று அஞ்சலை கூவினார். கைகொடுக்க மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி இரண்டு பக்கெட் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டு தாட்சாயிணி சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமை காலையில குமணன்சாவடிக்குப் போறேன், ஜாக்கெட் வாங்க. வர நாலு மணி ஆகும். அதுவரைக்கும் நம்ம வீட்டுலயும் கொஞ்சம் சேவை பண்ணிப் பாருங்களேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளே சொல்கிறாள்! எவ்வளவு வெகுளி!

ஞாயிற்றுக்கிழமை அவள் ஏறிய ஆட்டோ தெரு திரும்பியதும் மிஷினை எடுத்தேன். சுவரெல்லாம் கம்பி. வைத்த இடத்தில் எல்லாம் கத்தியது. ஆனால் வாசற்படிக்கு முன்னால் தட்டைக் கொண்டுபோனதும் மிஷின் கதறிவிட்டது. மர வாசக்கால், அங்கே கம்பி கிடையாது. அன்றைக்கு நான் செங்கல் வைத்ததும் இதே பக்கம்தான். அஞ்சலை வீட்டுக் கடப்பாரையை வாங்கி வந்து படியைப் பெயர்த்து, வாசக்காலுக்கு அடியில் குடைய ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு அவரே ஓடி வந்தார்.

"இன்னா சார், பட்டப்பகல்ல சொந்த ஊட்டுக்கே கன்னம் வெக்கிற?"

"மோதிரம் இருக்குக்கா, உள்ள."

"ஐயய்யோ! அது வாசக்கால் சார்! அதுக்குக் கீய சாமி சாமான் வச்சிக்கீறாங்க!"

"என்ன சாமான்?"

"நவதானியம், செப்புத் தகுடு, காசு, பொன்னு. வாசக்கால் நிறுத்தசொல்ல எல்லா ஊட்லயும் வெக்கிறதுதான? ஊட்டுக்காரன் உனக்கே தெரியாதா? அன்னிக்கு எங்க சார் போன?"

எங்கே போனேன்? பெங்களூரில் ஏசி அறையில் மீட்டிங்கில் இருந்தேன். சொல்வதற்குள் என் கை ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்துவிட்டது. அஞ்சலை தன் கணவர் நடேசனைத் தெருவே கேட்கும்படி அழைத்தார்.

"யோவ், ஓடியா! சார் லட்சுமியத் தோண்டி வெளிய போட்டுட்டாரு!"

நடேசன் வந்தார். பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு மூட்டையைக் கும்பிட்டார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என்னை யாரும் கும்பிடவில்லை. சொந்த வீட்டு வாசலையே இடித்தவன் என்று என்னைக் கூனிக் குறுக வைத்த பார்வை அது.

துணி கையிலேயே பிரிந்துபோனது. மக்கிய தானியம், செப்புத் தகடு, ஐந்து காசு, நடுவில் என் மோதிரம். ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடிதான் உறைத்தது. கலவையில் நழுவி விழுந்த மோதிரம், சிவப்புத் துணியில் தன்னைத்தானே முடிந்துகொண்டு வாசக்காலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளுமா?

ஆட்டோ வந்து நின்றது. மணி பதினொன்றரைதான். தாட்சாயிணி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அரை மூட்டை சிமென்ட்டோடு ஆசிக் மேஸ்திரி இறங்கினார்.

"பாத்தீங்களா மேஸ்திரி, நாம வர்றதுக்குள்ள தோண்டிடுவார்னு சொன்னேன்ல?"

"நான் பன்னெண்டாவும்னு நெனச்சேன்மா. சார் ஸ்பீடு."

"தாட்சாயிணி, இது..."

"உங்க மோதிரம்தாங்க. திருநின்றவூர் வீட்டுல சோப்பு டப்பாவுல கழட்டி வச்சுட்டு பெங்களூர் போயிட்டீங்க. வாசக்கால் வைக்கிறப்ப மேஸ்திரி பொட்டுத் தங்கம் கேட்டார். வீட்டுக்காரர்தான் வரல, அவர் மோதிரமாவது இருக்கட்டும்னு வச்சோம்."

"வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நீங்க ஆசாரிகிட்ட குடுத்துட்டீங்க."

"எந்த ஆசாரி?" என்றார் அஞ்சலை.

"பூந்தமல்லி ஆசாரி. அவர் மாமியார் ரெண்டு தடவை செத்தாங்க."

"ரெண்டு தபாவா?" அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நடேசன் மூடவில்லை. பத்துப் பேரும் மூடவில்லை.

எனக்குக் காது சுட்டது. பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பிளந்துதான் இருந்தது, நான் தோண்டிய குழிதான். ஆனால் அதில் ஒரு ஆள் இறங்க இடமில்லை.

"என்னிக்காவது ஒரு நாள் நீங்களே உண்மையைச் சொல்லிடுவீங்கன்னு மூணு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேங்க" என்றாள் தாட்சாயிணி. அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறகு பையிலிருந்து புதுச் சிவப்புத் துணி முடிச்சு ஒன்றை எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தாள். "ஐயர்கிட்ட கேட்டாச்சு. மோதிரத்துக்குப் பதிலா இந்தப் பொட்டுத் தங்கத்தை வச்சுப் பூசிடுங்க."

மேஸ்திரி கலவை குழைக்க ஆரம்பித்தார். நான் மெதுவாக அவள் பக்கத்தில் போனேன்.

"தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா உங்கப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அப்பாவுக்கா? அன்னிக்கு அந்த மோதிரத்தைத் துணியில முடிஞ்சு உள்ள வச்சதே அப்பாதாங்க."

பாதி இடிந்த படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப, ஆபரேஷன் எந்தக் கண்ணுலன்னு கேட்டாரே..."

"கேட்டுட்டுப் போய் ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்வார். இப்ப உங்க வாயாலயே அதைக் கேக்கணும்னு, கல்யாணத்துக்கு செய்யாறுலேர்ந்து ஒரு வேன் தனியா வருது."