தேநீர்த் தட்டும் உறைந்த கணினியும்

வாழ்க, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஒப்பற்ற ஆசான்! பத்தொன்பது ஆண்டுகள் கற்றுக்குட்டிகளின் பக்கத்து இருக்கையில் உயிரைக் கையில் பிடித்தபடி அமர்ந்தும் ஒரு மின்கம்பத்தில்கூட முட்டாத மாவீரர். வண்டி நின்றால் அணைத்துவிட்டுத் திரும்ப எடு என்னும் மாமந்திரத்தை மாணாக்கர் செவிதோறும் ஓதியவர். யாரிடமும் வழி கேட்பதை இழுக்கெனக் கொண்ட மானமறவர். அவர் புகழ் பாட ஆயிரம் நா வேண்டும். நமக்கு இருப்பது ஒன்றுதான், என்ன செய்வது.

அவர்தம் இல்லாள், மெய்ப்புத் திருத்தும் மெல்லியலாள், ஒற்றுப்பிழைகளின் கூற்றுவன் அனையாள், அன்று காலை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க நூலொன்றைத் திருத்தி முடித்தாள். பன்னிரண்டு மணிக்குள் அது அச்சகம் சேராவிட்டால் அடுத்த நூல் வேறொருத்தி கைக்குப் போய்விடும். மூன்று மாதம் சும்மா இருந்தபின் கிடைத்த முதல் வேலை அது. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். பாதியில் மடிக்கணினி உறைந்தது.

"ஹேங் ஆயிடுச்சுங்க."

"நகரு. நான் பாத்துக்கறேன்."

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வீரர் போன வாரம் தாமே தேர்ந்து வாங்கி, தாமே கணினியின் விலாவில் வயரைச் செருகிய வட்டத் தட்டு ஒன்று மேசையில் வீற்றிருந்தது. குவளையை வைத்தால் கணினியின் மின்சாரத்தை உறிஞ்சிச் சூடேறித் தேநீரைக் காக்கும், எடுத்தால் அணையும். அதன்மேல் அவர் சற்றுமுன் வைத்த குவளை ஆவி பறக்க அமர்ந்திருந்தது.

சட்டைக் கையை மடித்தார் வீரர். முதற்போரில் பிரிண்டர் வீழ்ந்தது, வயர் அறுந்த கொடியெனத் தரையில் புரண்டது. களைப்பாற ஒரு மிடறு பருகினார். என்னே விந்தை, திரை உயிர்த்தது!

"பிரிண்டர்தான் பிசாசு. முடிஞ்சுது கதை," என முழங்கிக் குவளையை வைத்தார். திரை மீண்டும் உறைந்தது.

அடுத்து மவுஸ் மாண்டது. ஒரு மிடறு, உயிர். வெற்றி முழக்கம், குவளை, உறைவு. ஒலிபெருக்கிகள் இரண்டும் ஒருங்கே சாய்ந்தன. அதே கதை. இறுதியில் மாமந்திரத்தையே ஏவி அணைத்துத் திரும்ப எடுத்தார்; அது எழுந்து, குவளை அமர்ந்ததும் அடங்கியது. மணி பதினொன்று ஐம்பது. கணினியின் வயிற்றைப் பிளக்கத் திருப்புளியை உருவினார்.

இல்லாளோ திரையைப் பார்க்கவில்லை. வெகுநேரமாக அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கப்பைத் தூக்குங்க."

"இப்போ டீயா முக்கியம்?"

"தூக்குங்க."

தூக்கினார். திரை உயிர்த்தது.

"வைங்க."

வைத்தார். உறைந்தது.

"அதுவா இருக்காது," என்று அறிவித்தார் வீரர். "அது நான் வாங்கினது."

இவ்வாறு, பிரிண்டரைப் பிடுங்கி, மவுஸை மாய்த்து, ஒலிபெருக்கிகளை உருட்டி, திருப்புளி தாங்கிய திண்தோள் விம்ம, வீழ்ந்த வயர்களின் நடுவே நடுகல்லென நின்ற நம் தலைவரின் தோளுக்கு அப்பால் கையை நீட்டி, மனைவி அந்தத் தட்டின் வயரைப் பிடுங்கிவிட்டு ஃபைலை அனுப்பினாள்.